ஏரி வாரியம் கேட்கிறது!

(உத்திரமேரூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே! ஞாயிறுதோறும் இந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து, நாலு பேர் கேட்க உரக்கப் படித்துக் காட்டும் அன்புத் தோழர்களே!

உத்திரமேரூரில் நின்று விமான நிலையத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு நண்பர் சிரித்தார். "ரயிலே இல்லாத ஊர் இது! இங்கே வந்து ஆகாய விமானத்தைப் பற்றிப் பேசுகிறாயே. தாகத்துக்குத் தண்ணீர் இல்லாதவனிடம் தேனாற்றைப் பற்றிப் பாடுகிற புலவனா நீ?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி! நாடகக்காரனாகிய என்னை நையாண்டி செய்ய அவர் கேட்டார். ஆனால் நாட்டையே நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி அது. ரயில் இல்லாத ஊர்க்காரன்தான் விமான நிலையத்தைப் பற்றிப் பேச வேண்டும். பாதை உள்ளவன் பயணத்தைப் பற்றிப் பேசுவான். பாதை இல்லாதவன்தான் பாதையைப் பற்றிப் பேசுவான்!

எண்ணிப் பாருங்கள். உத்திரமேரூருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் இளைஞன் வளைகுடா நாட்டுக்குக் கூலி வேலைக்குப் புறப்படுகிறான். தாயின் தாலிக்கொடி அடகுக் கடையில். தகப்பனின் கையெழுத்து கடன் பத்திரத்தில். அவன் கையிலே ஒரு பெட்டி. ஊரிலிருந்து உத்திரமேரூருக்கு ஒரு பஸ். உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுக்கு இன்னொரு பஸ். செங்கல்பட்டிலே மின்சார ரயில். திரிசூலத்தில் இறங்கி, பெட்டியைத் தலையில் தூக்கிச் சுரங்கப் பாதையைக் கடந்தால் விமான நிலையம். சென்னையிலிருந்து துபாய்க்குப் பறக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம். கடலைத் தாண்ட ஆகும் நேரத்துக்குச் சற்றே குறைவாகச் செலவிட்டுத்தான் நம் பிள்ளை தன் சொந்த மாவட்டத்தைத் தாண்டுகிறான்!

வானம் அருகில் வந்துவிட்டது. வாசல்தான் தொலைவில் இருக்கிறது. அந்த வாசலின் வரலாற்றைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முன்னே வந்தது எது?

1903-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள். அமெரிக்காவிலே, சைக்கிள் கடை வைத்துப் பிழைத்த இரண்டு சகோதரர்கள், ரைட் சகோதரர்கள், பன்னிரண்டு நொடி பறந்தார்கள். பறந்த தொலைவு 120 அடி. நம் ஊர்த் தேரடியிலிருந்து தெருமுனை வரைக்கும் கூட வராது! ஆனால் மனித குலத்தின் மதிப்பையே மாற்றிய 120 அடி அது. கல்லூரிப் பட்டம் அவர்களிடம் இல்லை. (எனக்கும் இல்லை, ஆகவே அதை அழுத்திச் சொல்வதிலே எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி!)

ஏழே ஆண்டுகள் கழித்து, 1910-இல், சென்னைப் பட்டினத்திலே ஹோட்டல் நடத்திய தி ஏஞ்சலிஸ் என்ற ஐரோப்பியர், சிம்சன் கம்பெனியின் பட்டறையிலே ஒரு வானூர்தி செய்வித்துப் பறந்து காட்டினார். வண்டி கட்டுவதற்கென்று தோன்றிய கம்பெனி விமானம் கட்டியது. தச்சுப் பட்டறையில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளியின் கை அதிலே பட்டிருக்காதா? அவன் பெயரை எவர் எழுதி வைத்தார்கள்? ஏறியவன் பெயர் ஏட்டிலே. இழைத்தவன் பெயர் காற்றிலே!

பிறகு 1932. அக்டோபர் 15-ஆம் நாள் கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா ஒற்றை எஞ்சின் விமானத்தில் தபால் மூட்டையோடு பம்பாய்க்கு வந்தார். பம்பாயிலிருந்து அந்த மூட்டையை நெவில் வின்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தார். கவனியுங்கள் தோழர்களே! இந்த வழித்தடத்தில் சென்னைக்கு முதலில் வந்திறங்கியது கடிதம்! எங்கோ இருந்த மகன் ஏங்கியிருந்த தாய்க்கு எழுதிய சேதியும் அந்த மூட்டையிலே இருந்திருக்கும். வான்வழி என்பது செல்வர் வழி என்று பிறந்ததல்ல. செய்தி வழி என்று பிறந்தது.

அதைவிட முக்கியமான ஒன்று. அதற்கு முந்திய ஆண்டு, 1931-இல், சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அதாவது, வானத்துத் தபால் வருமுன்னே தரையிலே தண்டவாளம் வந்துவிட்டது! மீனம்பாக்கத்துக்கு ரயில் இருந்தது. பக்கத்திலேயே தெற்கே போகும் பெருஞ்சாலை இருந்தது. அதனால்தான் மீனம்பாக்கம் தழைத்தது. முதலில் பாதை, பிறகு பறத்தல். இந்த முறை வரிசையை மனத்திலே குறித்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மீனம்பாக்கத்துப் பழைய முனையம் போதாமற் போயிற்று. 1980-களின் பிற்பகுதியிலே திரிசூலம் பக்கம் புதிய முனையங்கள் எழுந்தன. உள்நாட்டு முனையத்துக்குக் காமராசர் பெயர். பன்னாட்டு முனையத்துக்கு நம் காஞ்சி மண் ஈன்ற அண்ணாவின் பெயர். எளிய குடும்பத்திலே பிறந்து, ஏழைகளின் தோளிலே உயர்ந்த இருவர் பெயரும் வானத்து வாசலிலே பொறிக்கப்பட்டன. அந்தப் பெயர்களுக்கு ஒரு பொருள் உண்டு. இது கோமான்களின் கோட்டை அல்ல, குடிமக்களின் கூடம் என்பதே அந்தப் பொருள்.

பெயர் வைத்தாயிற்று, பாதை? சாலைக்கு அந்தப் பக்கம் ரயில், இந்தப் பக்கம் விமானம். நடுவிலே நில்லாமல் பாயும் லாரியும் காரும். விமான நிலைய வாசலுக்கே மெட்ரோ ரயில் வந்து நின்ற நாள் 2016 செப்டம்பர் 21. 1932-இல் தபால் வந்தது. 2016-இல் வாசலுக்கு ரயில் வந்தது. எண்பத்து நான்கு ஆண்டுகள்! 2018-இல் சென்ட்ரல் நிலையத்தோடு இணைப்பு, 2021-இல் வடக்கே விம்கோ நகர் வரை நீட்சி. வடசென்னைத் தொழிலாளி ஒரே ரயிலில் ஏறி விமான நிலையத்துக்கு வர வழி பிறந்தது. இது சாதனைதான், மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் தெற்கே? விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் மெட்ரோ வேண்டும் என்று திட்டம் தீட்டினார்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்துப் பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது மெட்ரோவும் இல்லை. ரயில் நிலையமும் இல்லை. முறை வரிசை மாறியது. மாறியதன் விலையை மூட்டை சுமந்தவன் கொடுத்தான்.

ஆறு வந்தது, விமானம் நின்றது

சென்னை விமான நிலையத்தில் ஆண்டுக்கு இரண்டு கோடிப் பயணிகளுக்கு மேல் வந்து போகிறார்கள். 2023 ஏப்ரலில் புதிய ஒருங்கிணைந்த முனையத்தைத் திறந்தார்கள். கட்டடத்தைப் பெரிதாக்கலாம், களத்தைப் பெரிதாக்க இடம் எங்கே? ஒருபுறம் பல்லாவரத்து மலை, ஒருபுறம் பரங்கிமலை, ஒருபுறம் அடையாறு, சுற்றிலும் வீடுகள். இருக்கும் இரண்டு ஓடுதளங்களும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்பவை. ஒரே நேரத்தில் இரண்டையும் தடையின்றிப் பயன்படுத்த இயலாது. இரண்டாவது ஓடுதளமோ அடையாற்றின் மேலே பாலமாகவே நிற்கிறது.

ஆற்றின் மேல் பாலம் கட்டியவர்கள் ஆறு தூங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தார்கள். 2015 டிசம்பரில் ஆறு விழித்துக்கொண்டது! செம்பரம்பாக்கத்து உபரிநீரும், வழியிலே இருந்த ஏரிகளின் வெள்ளமும் சேர்ந்து அடையாறு பொங்கியது. ஓடுதளம் ஓடையாயிற்று. விமானங்கள் தண்ணீரிலே நின்றன. பல நாள் நிலையம் மூடிக் கிடந்தது. அரக்கோணத்துக் கடற்படைத் தளத்திலிருந்து சில விமானங்களை இயக்கிச் சமாளித்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் நிலையத்தை மூட வேண்டியதாயிற்று.

ஏன் சொல்கிறேன்? நீர் தன் வீட்டுப் பத்திரத்தை எந்தப் பதிவு அலுவலகத்திலும் வைப்பதில்லை. ஆனால் தன் வீட்டை அது மறப்பதில்லை. நூறு ஆண்டு கழித்தும் வந்து கதவைத் தட்டும். கதவு இல்லையேல் சுவரை இடிக்கும்.

பரந்தூர்

மீனம்பாக்கம் நிரம்பிற்று, மாற்றிடம் வேண்டும். மணப்பாக்கம், கொளப்பாக்கம் பக்கம் விரிவாக்கலாமா என்று பார்த்தார்கள், குடியிருப்போர் எதிர்த்தார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பார்த்தார்கள், அதுவும் நின்றது. படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர் என்று நான்கு இடங்களை ஆராய்ந்தார்கள். பன்னூரும் பரந்தூரும் மிஞ்சின. 2022 ஆகஸ்டுத் தொடக்கத்தில் பரந்தூர் என்று அறிவித்தார்கள். நம் காஞ்சி மாவட்டத்து மண்! ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பயணிகள் வரக்கூடிய நிலையம் என்றார்கள். ஏறத்தாழ 5,700 ஏக்கர். அதிலே 3,700 ஏக்கருக்கு மேல் பட்டா நிலம். எஞ்சியதில் ஏரியும் குளமும் வாய்க்காலும் அடக்கம். பதின்மூன்று கிராமங்கள். 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. 2025 ஜூலையில் நிலப் பத்திரப் பதிவும் தொடங்கியது.

மறுபக்கம்? ஏகனாபுரம் என்ற சிற்றூர். 2022 ஜூலை இறுதியிலிருந்து மாலைதோறும் கூடினார்கள். கழனி வேலை முடித்து, கை கால் கழுவி, பிள்ளைகளை இடுப்பிலே தூக்கிக்கொண்டு பெண்கள் வந்து அமர்ந்தார்கள். ஆயிரம் நாளைத் தாண்டியும் அமர்ந்தார்கள். கிராம சபையிலே தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள்.

"கட்சி ஏட்டிலே இதையெல்லாம் எழுதலாமா?" என்று கேட்கும் தோழர் எவரேனும் இருந்தால், அவரிடம் நான் திருப்பிக் கேட்கிறேன்: கட்சி எதற்கு? கோட்டையின் குரலைக் குடிசைக்குச் சொல்வதற்கு மட்டுமா? குடிசையின் குரலைக் கோட்டைக்குச் சொல்வதற்கும் அல்லவா? ஆளும் வரிசையில் அமர்ந்தாலும், எதிர் வரிசையில் அமர்ந்தாலும், தொண்டனின் காது ஊரில்தான் இருக்க வேண்டும். காதை அடகு வைத்த கட்சி நாளை வாக்கை மீட்க முடியாது!

விமான நிலையமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஆலைகள் நிற்கின்றன. நம் பிள்ளைகளும் பெண்களும் அதிகாலையில் கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்கள். அந்த ஆலைகளின் பொருள் உலகுக்குப் போக வேண்டும். பெங்களூரும் ஐதராபாத்தும் 2008-லேயே புதிய நிலையம் கட்டி முந்திக்கொண்டன. தமிழ்நாடு பின்தங்கிக் கிடக்க வேண்டும் என்று நினைப்பவன் தமிழ்நாட்டின் நண்பன் அல்லன். வளர்ச்சி வேண்டும். ஆனால் யார் வளர, யார் தளர என்ற கணக்கும் வேண்டும்.

இரண்டு ஊர்களின் கதை

கனடா நாட்டிலே மான்ட்ரியல் என்றொரு மாநகர். 1969-இல், அந்நகருக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் மிராபெல் என்னுமிடத்தில் உலகையே வியக்க வைக்கும் விமான நிலையம் கட்டுவோம் என்றார்கள். ஏறத்தாழ 97,000 ஏக்கர் நிலத்தைக் குடியானவர்களிடமிருந்து எடுத்தார்கள். 1975-இல் திறந்தார்கள். நகரிலிருந்து விரைவு ரயில் வரும் என்றார்கள், வரவே இல்லை! அவ்வளவு தொலைவு போவானேன் என்று மக்கள் பழைய நிலையத்தையே நாடினார்கள். எடுத்த நிலத்தில் பெரும் பகுதியைப் பின்னர் திருப்பித் தர நேர்ந்தது. 2004-இல் பயணிகள் விமானம் அங்கே நின்றது. 2014-இல் முனையத்தை இடிக்கத் தொடங்கினார்கள். நிலத்தை எடுத்தவர்கள் பாதையை மறந்தார்கள். பாதையை மறந்ததால் நிலையத்தையே இழந்தார்கள். உழவனுக்கும் பயனில்லை, ஊராருக்கும் பயனில்லை!

ஜப்பான் நாட்டிலே நரிட்டா. 1966-இல், அந்த ஊர் உழவர்களைக் கலந்து பேசாமலேயே அமைச்சரவை முடிவெடுத்தது. எதிர்ப்பு எழுந்தது. அடக்குமுறை பாய்ந்தது. இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின. 1978 மார்ச்சில் திறக்க நாள் குறித்தார்கள்; கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் எதிர்ப்பாளர்கள் புகுந்ததால் மே மாதத்துக்குத் தள்ளிப் போயிற்று. முனையத்தின் அடிக்கே ரயில் வந்தது 1991-இல். இரண்டாவது ஓடுதளம் 2002-இல்தான் திறந்தது. அதுவும் நினைத்த நீளத்தில் இல்லை. இடையிலே விற்க மறுத்த உழவர் நிலம் நின்றது. 1995-இல் அந்நாட்டுத் தலைமை அமைச்சர் முராயாமா வருத்தம் தெரிவித்தார். முப்பது ஆண்டு கழித்து வாய் திறந்து வருத்தம் சொன்னதற்குப் பதில், முதல் நாளே காது திறந்து கேட்டிருக்கலாமே!

மிராபெல் சொல்கிற பாடம்: பாதையில்லா விமான நிலையம் பாழ். நரிட்டா சொல்கிற பாடம்: ஒப்புதல் இல்லா விமான நிலையம் புண். இந்த இரண்டு பாடங்களையும் கற்க நாம் கனடாவுக்கும் ஜப்பானுக்கும் போக வேண்டியதில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவருக்குப் போனால் போதும்!

கல் பேசுகிறது

பகுத்தறிவுக்காரன் கோயில் சுவரைக் காட்டுகிறானே என்று திகைக்காதீர்கள். நான் காட்டுவது கர்ப்பக்கிரகத்தை அல்ல, கல்வெட்டை! முதற் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறித்தவை. ஊர் முப்பது குடும்பாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று குழுக்கள் அமைத்தார்கள். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழக்கூடாது. அவன் நெருங்கிய உறவினன் பெயரும் விழக்கூடாது!

இதைச் சொல்லி நாமே நம் முதுகைத் தட்டிக்கொள்ள வேண்டாம். அது நான்மறையோர் குடியிருப்பு. நிலம் உள்ளவன், மறை கற்றவன், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதுள்ளவன் பெயர்தான் குடத்தில் விழும். ஏரியை வெட்டியவன் பெயர் குடத்தில் விழவில்லை. நாற்று நட்டவள் பெயர் விழவே இல்லை. அந்தக் குடத்தின் வாய் குறுகலானது. அந்த வாயை அகலமாக்கி, உழுதவனும் நட்டவளும் உள்ளே வரச் செய்ததுதான் இருபதாம் நூற்றாண்டின் போராட்டம். நம் முன்னோர் சிந்திய வியர்வை. இன்றைய கிராம சபை அந்த அகன்ற குடம்!

குறுகிய குடத்திலேயே ஏரிக்கென்று ஒரு வாரியம் இருந்தது என்றால், அகன்ற குடத்தில் ஏரிக்கு எவ்வளவு பெரிய இடம் இருக்க வேண்டும்? இதோ, இந்த ஊரின் வைரமேகத் தடாகம், பல்லவர் கால ஏரி. பக்கத்திலே வேடந்தாங்கல். பன்னாட்டுப் பறவைகளின் விமான நிலையம் அது! கடல் கடந்து வரும் பறவை கடவுச்சீட்டு இல்லாமல் இறங்குகிறது. எச்சத்தால் ஏரி நீரே எருவாகிறது. அந்நீர் பாய்ந்த கழனி செழிக்கிறது. ஊரார் அந்தப் பறவைகளைக் காத்தார்கள். 1798-இலேயே கம்பெனி ஆட்சியின் கலெக்டர் லயனல் பிளேஸ் அந்தக் காவலை ஏற்று உரிமைச் சாசனம் எழுதித் தந்தார். வந்து இறங்குபவனுக்கும் வாழ்வு, இடம் தந்தவனுக்கும் வாழ்வு. விமான நிலையம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

ஆறு பேர், ஆறு கேள்வி

அந்நாள் ஏரி வாரியத்தில் ஆறு பேர். நாடகக்காரன் அல்லவா நான்? அந்த வாரியத்தை மீண்டும் மேடையேற்றுகிறேன். ஆனால் என் மேடையில் அமர்கிற ஆறு பேரும் பழைய தகுதிக்காரர் அல்லர்; அன்று குடத்துக்கு வெளியே நின்றவர்கள். திரை விலகுகிறது. எதிரே திட்ட வரைபடம். ஒவ்வொருவராக எழுகிறார்கள்.

முதல்வர், ஏரி மடை திறப்பவர்: "ஐயா, வரைபடத்திலே ஓடுதளம் இருக்கிறது, ஓடை எங்கே? பாலாற்று நீரைக் கிழக்கே ஏரிகளுக்குக் கொண்டு போகும் கம்பன் கால்வாய் இந்த நிலத்தின் வழியே போகிறதே, அதை எங்கே திருப்புவீர்கள்? திருப்பிய தண்ணீர் எந்த ஊருக்குள் புகும்? 2015-இல் அடையாறு சொன்னது உங்கள் செவியில் விழுந்ததா?"

இரண்டாமவர், நாற்று நடும் பெண்: "பட்டா உள்ளவருக்குப் பணம் தருவீர்கள். பட்டாவே இல்லாத எனக்கு? அவர் நிலத்திலே எனக்கு ஆண்டுக்கு இத்தனை நாள் வேலை. ஏரிக்கரையிலே என் ஆட்டுக்குத் தழை. குட்டையிலே என் பிள்ளைக்கு மீன். இதற்கு எந்த ஆவணத்தில் விலை எழுதியிருக்கிறது?"

மூன்றாமவர், கிராம சபையில் கை தூக்கிய முதியவர்: "நாங்கள் போட்ட தீர்மானம் எந்த அலமாரியில் இருக்கிறது? அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டம் என்றால் நிலம் இழப்போரில் நூற்றுக்கு எழுபது பேர் ஒப்ப வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை விட்டு, அந்த ஒப்புதல் கேட்காத 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் வழியே ஏன் வந்தீர்கள்? நேர்வழி இருக்கக் குறுக்கு வழி எதற்கு?"

நான்காமவர், பெட்டி சுமந்து வெளிநாடு போய் வந்தவர்: "பாதை எங்கே? சென்னையிலிருந்து எழுபது கிலோமீட்டர் தொலைவில் நிலையம். பூந்தமல்லியிலிருந்து ஏறத்தாழ 53 கிலோமீட்டர் மெட்ரோ என்கிறீர்கள், மகிழ்ச்சி. அது முதல் விமானத்துக்கு முன்னே வருமா, பின்னே வருமா? பெங்களூரில் நிலையம் திறந்து பதினைந்து ஆண்டு கடந்தும் மெட்ரோ எட்டவில்லையே! நகரத்துக்காரனுக்கு மெட்ரோ, உத்திரமேரூர்க்காரனுக்கு? காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் ரயில் உண்டு. எங்களுக்கு அந்த ரயிலைப் பிடிக்கவாவது பஸ் உண்டா, இரவு பத்து மணிக்கு மேல்?"

ஐந்தாமவர், பள்ளி முடித்த பெண்: "வேலை தருவோம் என்கிறீர்கள். என்ன வேலை? எங்கள் நிலத்திலே எழும் கண்ணாடி மாளிகையின் தரையைத் துடைக்கும் வேலை மட்டுமா? விமானம் பழுது பார்க்கவும், சரக்குக் கணக்குப் பார்க்கவும், கோபுரத்தில் அமர்ந்து வழி சொல்லவும் எங்களுக்குப் பயிற்சி இன்றே தொடங்கட்டும். அடிக்கல்லுக்கு முன்னே அந்தப் பள்ளிக்கூடம்!"

ஆறாமவர், யாரும் பெயர் கேட்காத எளியவர், மெல்ல எழுந்து சொல்கிறார்: "கணக்கு எங்கே? ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னே, கணக்குக் காட்டாதவன் வாரியத்துக்கு ஆகாது என்று இந்தக் கல்லிலே வெட்டினார்கள். எவ்வளவு நிலம், எவருக்கு எவ்வளவு, எந்த ஏரிக்கு மாற்றாக எந்த ஏரி என்று தமிழிலே எழுதி, பதின்மூன்று ஊர்ச் சாவடியிலும் ஒட்டுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லையென்றால் ஒட்டுவதில் என்ன தயக்கம்?"

திரை விழவில்லை தோழர்களே! பதில் வரும்வரை விழாது.

தொண்டனுக்கு ஒரு வேலை

பேசிவிட்டுப் போவது என் தொழில். கேட்டுவிட்டுப் போவது உங்கள் தொழில் அல்ல. உங்களுக்கு மூன்று வேலை தருகிறேன்.

ஒன்று: போராடும் மக்களை ஏளனம் செய்யாதீர்கள். "யாரோ தூண்டிவிட்டார்கள்" என்று சொல்வது சோம்பேறியின் விளக்கம். கழனியை இழப்பவனைக் கலங்கச் செய்ய வேறொருவன் வர வேண்டுமா? ஏகனாபுரத்தான் நம்மைத் திட்டினால் திட்டு வாங்குங்கள்; அமர்ந்து கேளுங்கள்; கேட்டதை மேலே எழுதுங்கள். விருப்பத்தோடு நிலம் தந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சேர வேண்டியது ஒரு காசு குறையாமல் சேர்ந்ததா என்றும் பாருங்கள்.

இரண்டு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாட்கள் உண்டு. அந்த நாளில் நம் தோழர் ஒவ்வொருவரும் தம் ஊர்ச் சபையில் இருக்க வேண்டும். பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதிலே காட்டும் வேகத்தில் பாதியைக் கிராம சபைக்கு ஆள் சேர்ப்பதிலே காட்டுங்கள். நம் ஊர் ஏரியின் பரப்பு எவ்வளவு, கலங்கல் எங்கே, ஆக்கிரமிப்பு எவ்வளவு என்று கேட்டுப் பதிய வையுங்கள். 2023-இல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டம் நீர்நிலை உள்ள நிலத்தையும் பெருந்திட்டத்தில் சேர்க்க வழி செய்கிறது. ஆகவே ஏரியின் கணக்கு ஊராரின் கையில் இருக்க வேண்டும்.

மூன்று: உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு ரயிலுக்கும், காஞ்சிபுரத்துக்கும், கிளாம்பாக்கத்துக்கும் இரவும் அதிகாலையும் இணைப்புப் பஸ் கேட்டு ஊர் ஊராகக் கையெழுத்து வாங்குங்கள். பத்துக் கோடிப் பயணிகளுக்கு நிலையம் கட்ட முடிகிற நாட்டுக்குப் பத்து ஊருக்கு ஒரு பஸ் விட முடியாதா? இது சிறிய கோரிக்கை என்று நினைக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போகும் கர்ப்பிணிக்கும், ஆலைக்குப் போகும் பெண்ணுக்கும், கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும் அந்தப் பஸ்தான் விமானம்!

தோழர்களே! வானத்தை அளப்பவர்கள் ஏரியை அளக்க மறந்தால், வானம் ஒரு நாள் மழையாக இறங்கி வந்து நினைவூட்டும். ஊரைக் கேட்காமல் கோடு போட்டால், அந்தக் கோட்டை ஊரே ஒரு நாள் அழிக்கும். விமானம் ஏறட்டும், நம் பிள்ளைகள் அதிலே ஏறட்டும், அதை ஓட்டவும் ஓட்டட்டும். ஆனால் அது எழும்பும் மண்ணிலே ஒரு தாயின் கண்ணீர் ஈரம் இருக்கக் கூடாது; இருக்க வேண்டியது ஏரியின் ஈரம்.

ஆறு கேள்விகள் உங்கள் கையில். அடுத்த கிராம சபையில் அவற்றை எழுப்புங்கள். பதிலைக் கொண்டு வாருங்கள்!